சூப்பர்மேன் 2: ரிச்சர்ட் டானர் பதிப்பைத் தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன் வரிசையின் இரண்டாம் படம் இரண்டு முழுநீள வடிவங்களில் கிடைக்கிறது. திரையரங்குகளில் ஓடியது ரிச்சர்ட் லெஸ்டர் முடித்துக் கொடுத்த வடிவம். மற்றொன்று, முதல் படத்தை இயக்கிய ரிச்சர்ட் டானர் இரண்டாம் படத்துக்காக எடுத்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட வடிவம். நடிகர்கள் அவர்களே, கதையின் எலும்புக்கூடும் ஒன்றே, தலைப்பில் மட்டும் சில சொற்கள் கூடுதல் என்பதால், ஒன்றை நினைத்து மற்றொன்றுக்குப் பணம் கட்டிவிடுவது மிக எளிது. இதை வட்டாக வாங்க நான் முயன்றபோது, விற்பனைப் பக்கத்தில் டானர் பதிப்பின் அட்டையைக் காட்டிய ஒரு விற்பனையாளர் அனுப்பி வைத்தது திரையரங்கப் பதிப்பை. அதைத் திருப்பி அனுப்பிச் சரியானதைப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் ஆறு படிகளில் கதையின் திருப்பங்கள் எதையும் வெளியிடவில்லை. ஏழாம் படியைப் படம் பார்த்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

1. பணம் கட்டுமுன் பதிப்பை அடையாளம் காணுங்கள்

நீங்கள் தேட வேண்டிய முழுத் தலைப்பு "சூப்பர்மேன் டூ: தி ரிச்சர்ட் டானர் கட்" என்பது. தேடும்போது இதை ஆங்கில எழுத்துகளில், டானரின் பெயரோடு சேர்த்தே தட்டுங்கள். "சூப்பர்மேன் 2" என்று மட்டும் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் திரையரங்கப் பதிப்பாகவே இருக்கும்.

தலைப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது. அடுத்துப் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். டானர் பதிப்பு 116 நிமிடம்; திரையரங்கப் பதிப்பு 127 நிமிடம். இயக்குநரின் பதிப்பு என்றாலே நீளம் கூடியிருக்கும் என்று நாம் பழகியிருக்கிறோம், ஆனால் இங்கே அது குறைவு. ஆகவே "நீட்டிக்கப்பட்ட பதிப்பு" என்ற விளம்பரத்தோடு இரண்டரை மணி நேரத்தை நெருங்கும் ஏதாவது கண்ணில் பட்டால், அது டானருடையது அன்று என்று உடனே முடிவு செய்யலாம். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக இரண்டாம் படத்தில் கூடுதல் காட்சிகளைச் சேர்த்து நீட்டிய ஒரு வடிவம் 1980களில் அமெரிக்காவில் ஓடியது. அதன் நகல்களைத்தான் சிலர் அரிய பதிப்பு என்று சொல்லிக் கைமாற்றுகிறார்கள்.

ஓடும் நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பா, இந்தியா போன்ற, பால் (PAL) என்னும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றும் நாடுகளுக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் 25 சட்டகமாக ஓடுகிறது. அதனால் படம் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக முடிந்துவிடும். அத்தகைய டிவிடியில் டானர் பதிப்பு சுமார் 111 நிமிடமாகவும், திரையரங்கப் பதிப்பு சுமார் 122 நிமிடமாகவும் காட்டப்படும். 111 என்று பார்த்து ஏதோ வெட்டப்பட்ட பிரதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 122 என்பதைப் பார்த்து 116-க்கு அருகில்தானே இருக்கிறது என்று வாங்கிவிடவும் வேண்டாம்.

ஆண்டைக் கொண்டு அடையாளம் காண்பது நம்பகமான வழியன்று. திரையரங்கப் பதிப்பு 1980 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும் 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வெளியானதால், அதற்கு இரண்டு ஆண்டுகளும் போடப்படுவதுண்டு. டானர் பதிப்பு 2006 நவம்பர் 28 அன்று வெளிவந்தது. ஆனாலும் மூலப் படத்தின் ஆண்டையே இதற்கும் இட்டுவிடும் பட்டியல்கள் இருக்கின்றன. எனவே தலைப்பில் டானரின் பெயர், ஓடும் நேரம் 116 நிமிடம் ஆகிய இரண்டும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் பணத்தை எடுங்கள்.

2. முதல் படத்தையும் சரியான பதிப்பில் தேர்ந்துகொள்ளுங்கள்

1978ஆம் ஆண்டு வெளியான முதல் படத்தைப் பார்க்காமல் டானர் பதிப்பைத் தொடங்குவதில் பொருளில்லை. இரண்டும் 1977இல் ஒரே திட்டமாகச் சேர்த்துப் படமாக்கத் தொடங்கப்பட்டவை. டானர் பதிப்பின் தொடக்கம் முதல் படத்தின் இறுதிப் பகுதியோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு சிறு முன்கதைச் சுருக்கம் வருவது உண்மைதான். ஆனால் அது மறந்தவர்களுக்கு நினைவூட்டப் பயன்படுமே தவிர, புதியவர்களுக்குப் போதாது.

முதல் படத்துக்கும் மூன்று வடிவங்கள் உள்ளன. திரையரங்கப் பதிப்பு 143 நிமிடம். 2000ஆம் ஆண்டில் தயாரான சிறப்புப் பதிப்பு 151 நிமிடம். தொலைக்காட்சிக்கான நீண்ட பதிப்பு 188 நிமிடம். புதியவர்கள் 143 அல்லது 151 நிமிடப் பதிப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். 188 நிமிடப் பதிப்பு இந்தப் படத்தை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்களுக்கு உரியது. முதல் முறையாக அதில் உட்கார்ந்தால், வேகம் தளர்ந்து, இரண்டாம் படத்துக்கு வருமுன்னரே சலிப்பு தட்டிவிடும்.

முதல் படத்தைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: கதையின் பிற்பகுதியில் இரண்டு ஏவுகணைகள் புறப்படுகின்றன. அவற்றில் சூப்பர்மேன் விண்வெளிக்குத் தள்ளிவிடும் ஏவுகணை எது, அது எத்திசையில் போகிறது என்பதைக் கவனித்து வையுங்கள்.

3. இணையத்தில் வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா?

செலவு குறைந்த வழி, ஆப்பிள், அமேசான், யூடியூப் போன்றவற்றின் டிஜிட்டல் கடைகளில் வாடகைக்கு எடுப்பது. உங்கள் நாட்டுக் கடையில் டானர் பதிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். உரிமங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதோடு அவ்வப்போது மாறவும் செய்கின்றன என்பதால், நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு பார்த்தார் என்பது இன்றைக்குச் சான்றாகாது. மாதச் சந்தா செலுத்தும் தளங்களில் சூப்பர்மேன் வரிசை முழுவதும் இருப்பதாக விளம்பரம் வந்தாலும், அந்த வரிசையில் டானர் பதிப்பு தனிப் படமாக இடம்பெற்றிருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே சந்தா கட்டுங்கள்.

வாடகையில் கால வரையறை முக்கியம். இந்தக் கடைகளில் பொதுவான விதி, பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கியபின் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது. சோதித்துப் பார்ப்பதற்காக இரண்டு நிமிடம் ஓடவிட்டாலும் அந்த 48 மணி நேரம் எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு சோதித்துவிட்டு ஞாயிறு இரவு சாவகாசமாகப் பார்க்கலாம் என்று திட்டமிட வேண்டாம். சோதனைக்கு இலவச முன்னோட்டக் காட்சி போதும்.

டிஜிட்டலாக "வாங்குவது" என்பது உங்கள் கணக்கு பதிவாகியிருக்கும் நாட்டோடு கட்டுண்டது. படிப்புக்காகவோ வேலைக்காகவோ நாடு மாறப் போகிறவர்கள், கணக்கின் நாட்டை மாற்றும்போது பழைய நாட்டில் வாங்கிய படங்கள் புதிய நாட்டிலும் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். அத்தகையோருக்கு வாடகையோ வட்டோதான் ஏற்றது.

வசன வரிகள் தேவைப்படுவோர், எந்தெந்த மொழிகளில் அவை உள்ளன என்பதைப் படத்தின் விவரப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே படத்துக்குக் கடைக்குக் கடை இந்தப் பட்டியல் வேறுபடும்.

4. வட்டாக வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

எல்லாப் பதிப்புகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும், துணைக் காட்சிகளையும் விளக்கவுரையையும் கேட்க விரும்புவோருக்கும் வட்டுதான் சிறந்தது. ஆனால் பொறிகள் மிகுதியாக இருப்பதும் இங்கேதான்.

முதல் பொறி, தொகுப்புப் பெட்டிகள். 2006இல் வந்த "கிறிஸ்டோபர் ரீவ் சூப்பர்மேன் கலெக்‌ஷன்" என்ற எட்டு வட்டுப் பெட்டியில் ரீவ் நடித்த நான்கு படங்களும் இருக்கின்றன. டானர் பதிப்பு அதில் இல்லை. அதே காலத்தில் வந்த பதினான்கு வட்டு "அல்டிமேட் கலெக்டர்ஸ் எடிஷன்" பெட்டியில் அது உண்டு. 2011இல் புளூ-ரேயாக வந்த "மோஷன் பிக்சர் ஆன்தாலஜி" என்ற எட்டு வட்டுப் பெட்டியிலும் உண்டு. 2023இல் 4கே வட்டுகளாக வந்த ஐந்து படத் தொகுப்பில், ஐந்தாவதாகக் கணக்கிடப்படுவதே டானர் பதிப்புதான். ஆக, எட்டு வட்டு என்று எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினால் இரண்டு எட்டு வட்டுப் பெட்டிகளில் எது என்ற குழப்பம் வரும். ரீவின் படங்களை "நான்கு படங்கள்" என்று எண்ணும் மலிவு விலைத் தொகுப்புகளில் பெரும்பாலும் டானர் பதிப்பு இருக்காது. இரண்டாம் படத்தின் "இரண்டு வட்டுச் சிறப்புப் பதிப்பு" என்று 2006இல் வந்த டிவிடியும் திரையரங்கப் பதிப்பே. இரண்டாவது வட்டில் டானருடையது இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம்.

இரண்டாம் பொறி, எச்டி டிவிடி. டானர் பதிப்பு வெளியான 2006இல் புளூ-ரே, எச்டி டிவிடி என்ற இரு உயர்தெளிவு வட்டு வடிவங்களும் போட்டியிட்டுக்கொண்டிருந்ததால், இரண்டு வடிவிலும் அது விற்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் எச்டி டிவிடியைக் கைவிட்டது. அந்த வட்டுகள் இன்று பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன, புளூ-ரே கருவியில் போட்டால் ஓடா. நீலப் பெட்டி புளூ-ரே, சிவப்புப் பெட்டி எச்டி டிவிடி என்பதை நினைவில் வையுங்கள். விற்பவர் "எச்டி வட்டு" என்று மட்டும் எழுதியிருந்தால், பெட்டியின் நிறம் தெரியும்படி படம் கேளுங்கள்.

மூன்றாம் பொறி, வட்டின் வயது. 2006 முதல் 2009 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில தலைப்புகள் பழுதாகக்கூடும் என்பதை வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. டானர் பதிப்பின் டிவிடி அந்தக் காலத்தில் வந்தது என்பதால், பழைய வட்டு வாங்குவோர் சோதித்தே வாங்க வேண்டும். வட்டின் பதிவுப் பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். புகைபடிந்தது போன்ற மங்கலோ, விளிம்பில் பழுப்புத் திட்டுகளோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். கீறல் இல்லாத வட்டும் பழுதாகியிருக்கலாம், ஏனெனில் கெடுவது உள்ளிருக்கும் அடுக்கு. அத்தகைய வட்டு தொடக்கத்தில் நன்றாக ஓடி, நடுவில் உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே கையில் கிடைத்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன், நடுப்பகுதியையும் இறுதிப் பகுதியையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, மண்டலக் குறியீடு. டிவிடிகளில் அமெரிக்காவும் கனடாவும் 1ஆம் மண்டலம், பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூர், மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாது. கணினியின் டிவிடி இயக்கியில் மண்டலத்தை மாற்றலாமே என்றால், பெரும்பாலான இயக்கிகள் அதை ஐந்து முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை; ஐந்தாவது முறை எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயே நிலைத்துவிடும். புளூ-ரேயில் மண்டலங்கள் ஏ, பி, சி என மூன்று. இந்தியாவும் இலங்கையும் சி. வார்னரின் புளூ-ரே வட்டுகள் பெரும்பாலும் மண்டலக் கட்டுப்பாடு இல்லாமலே வருகின்றன என்றாலும், விற்பவரிடம் கேட்டு உறுதி செய்வது நல்லது. 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. அதனால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்போருக்கு அதிக விலையானாலும் கவலை குறைந்தது 4கேதான். ஆனால் அதற்குரிய கருவி வேண்டும். வட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அவற்றை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 புளூ-ரேயை ஓட்டும், 4கே வட்டை ஓட்டாது.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்: ஆவணம், செலவு, காலம்

இந்தியாவில் இருப்போர் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் அந்த வசதி மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் நீங்களே அதைத் திறந்து, ஒரு வரம்பை நிர்ணயித்து, வேலை முடிந்ததும் மறுபடி மூடிவிடலாம்.

வட்டின் விலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பழைய வட்டைவிட அதை அனுப்பும் கட்டணம் அதிகமாக இருப்பது சாதாரணம். அதன்மேல் அட்டை நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கட்டணம் (பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அதற்கும் ஜிஎஸ்டி) உண்டு. பிறகு சுங்க வரி, அதைக் கட்டிக்கொடுப்பதற்காகக் கூரியர் நிறுவனம் வாங்கும் கையாளும் கட்டணம் ஆகியவை இருக்கின்றன. இவை அனைத்தையும் கூட்டிய தொகையை டிஜிட்டல் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வேறுபாடு உங்களுக்கு ஏற்புடையதா என்று முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு முறை பார்ப்பதுதான் நோக்கம் என்றால், வெளிநாட்டு வட்டு வீண் செலவு என்றே சொல்வேன்.

கூரியரில் வரும் பொருளுக்குப் பெறுபவரின் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார், பான் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் அவர்கள் கோருவதன் நகலை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள். பொருள் வாங்கும் ஆணையில் கொடுக்கும் பெயர், சான்றில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தலைப்பெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் மற்றோரிடத்தில் சுருக்கியும் எழுதும் நம் வழக்கம் இங்கே தாமதத்தை உண்டாக்கும். சுங்க வரி கட்டச் சொல்லிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால், அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், கூரியர் நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே சென்று, தொடர் எண்ணை இட்டு, தொகை உண்மைதானா என்று பாருங்கள். பொதி எதிர்பார்க்கும் நேரத்தில் வரும் போலிச் செய்திக்கு ஏமாறுவது மிக எளிது.

எவ்வளவு நாள் ஆகும் என்பது அனுப்பும் முறையைப் பொறுத்தது. சாதாரண அஞ்சலில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். திருப்பி அனுப்பும் கெடு பொருள் கிளம்பிய நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதை வாங்குமுன்னரே படித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் எவரேனும் வரவிருந்தால், அவர் முகவரிக்கு ஆணையிட்டு, அவர் கையோடு கொண்டுவரச் செய்வதே சிக்கனம். ஒரு வட்டுப் பெட்டி எவருக்கும் சுமையாகாது.

6. எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

இரண்டாம் படத்தையே முன்பு பார்த்திராதவர்களுக்கு எந்தப் பதிப்பு முதலில் என்ற கேள்வி எழும். டானர் பதிப்புதான் உண்மையான படம், லெஸ்டருடையதைத் தொடவே வேண்டாம் என்று அடித்துச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. 1978ஆம் ஆண்டுப் படம், அடுத்துத் திரையரங்கப் பதிப்பு, சில வாரம் கழித்து டானர் பதிப்பு என்பதே என் பரிந்துரை. டானர் தமது பங்கை முடிக்குமுன்னரே விலக்கப்பட்டுவிட்டதால், அவர் எடுக்காத காட்சிகள் அவர் பதிப்பில் இல்லை. சில இடங்களில் லெஸ்டர் எடுத்த காட்சிகளையே இட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நடிகர் தேர்வுக்காக எடுத்த சோதனைப் படச்சுருளையே பயன்படுத்தியிருக்கிறார்கள். முடிவடைந்த படம் ஒன்றை முன்பே பார்த்தவருக்கு இந்த ஒட்டுகள் சுவையாக இருக்கும். பார்க்காதவருக்கு அவை குறைகளாக மட்டுமே தெரியும்.

ஒரே படத்துக்குத்தான் நேரம் உண்டு என்போரும், முதல் படத்தின் தொனி மிகவும் பிடித்துப்போனவர்களும் நேரே டானர் பதிப்புக்குச் செல்லலாம். 143 நிமிடமும் 116 நிமிடமும் சேர்ந்தால் நாலே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவில் சாப்பாட்டு இடைவேளை விட்டால் ஒரு ஞாயிறு பிற்பகலுக்கும் மாலைக்கும் சரியாக இருக்கும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஆறரை மணி நேரம் ஆவதோடு, ஒரே சண்டையை ஒரே நாளில் இரண்டு முறை பார்க்கும்போது எந்த வேறுபாடும் மனத்தில் தங்காது.

தொலைக்காட்சியில் இரண்டு அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். அசைவுகளை மென்மையாக்கும் "மோஷன் ஸ்மூத்திங்" வசதியை அணைத்து, திரைப்படத்துக்குரிய அமைப்பை வையுங்கள். அதை அணைக்காவிட்டால், பறக்கும் காட்சிகளில் நடிகரும் பின்னணியும் தனித்தனியே பிரிந்து தெரியும். படம் அகலத்திரை வடிவில் எடுக்கப்பட்டது என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது இயல்பு. "ஜூம்" செய்து அதை நிரப்பினால் இருபுறமும் ஆட்கள் வெட்டுப்படுவார்கள். தொலைக்காட்சியின் இரண்டு ஒலிபெருக்கிகளில் மட்டும் கேட்பவர்கள், கருவியின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றாவிட்டால், இசை அதிர்ந்து வசனம் அமுங்கிப் போகக்கூடும்.

7. பார்த்த பின்: வேறுபாடுகளை எங்கே தேடுவது

திரையரங்கப் பதிப்பில் ஈஃபில் கோபுரத்தில் தீவிரவாதிகள் வைத்த குண்டு விண்வெளியில் வெடித்து சிறையிலிருக்கும் வில்லன் ஜெனரல் ஸாடையும் அவன் கூட்டாளிகளையும் விடுவிக்கிறது. டானர் பதிப்பில் அந்த வேலையைச் செய்வது, நான் குறித்து வைக்கச் சொன்ன முதல் படத்து ஏவுகணை. கோபுரக் காட்சி லெஸ்டர் புதிதாகச் சேர்த்தது. டானரின் ஏவுகணை என்ற இந்த ஒரு வேறுபாட்டிலேயே முதல் படமும் இரண்டாம் படமும் ஒரே கதையாகிவிடுகின்றன. தன் வீரச்செயலே தனக்கு வினையாக முளைத்தது என்னும் பொருள் டானரிடம் மட்டுமே இருக்கிறது.

அடுத்து, உடன் பணிபுரியும் கிளார்க்தான் சூப்பர்மேனோ என்று நிருபர் லோயிஸ் லேன் சந்தேகப்படும் காட்சி. செய்தித்தாளில் வந்த சூப்பர்மேன் படத்தின்மேல் பேனாவால் கண்ணாடியும் தொப்பியும் கோட்டும் வரைந்து, நிமிர்ந்து கிளார்க்கைப் பார்க்கிறாள். பிறகு அவனைச் சோதிப்பதற்காகப் பத்திரிகை அலுவலகச் சன்னல் வழியே குதிக்கிறாள். கிளார்க் மின்னல் வேகத்தில் தெருவுக்கு வந்து, மூச்சை ஊதி அவள் விழும் வேகத்தைக் குறைத்து, பார்வையின் வெப்பத்தால் கடை முகப்பின் துணிப் பந்தலை விரியச் செய்கிறான். அவள் அதில் விழுந்து பழக்கடைமேல் சரிந்து நிமிரும்போது, அவன் பழையபடி மேலே சன்னலில் நின்று எட்டிப் பார்க்கிறான். திரையரங்கப் பதிப்பில் இதற்கு ஈடாக வருவது நயாகராவில் ஆற்றில் குதிக்கும் காட்சி. டானருடையது அதைவிடக் கூர்மையானது என்பது என் கருத்து.

உண்மை வெளிப்படும் விடுதி அறைக் காட்சிதான் நான் முன்பு சொன்ன சோதனைப் படச்சுருள். லோயிஸ் துப்பாக்கியால் சுடுகிறாள்; கிளார்க் நிமிர்ந்து நின்று சூப்பர்மேனாகப் பேசத் தொடங்கிய பிறகுதான், அதில் இருந்தது வெற்றுத் தோட்டா என்று சொல்கிறாள். இங்கே ரீவை உற்றுப் பாருங்கள். ஒரே உரையாடலுக்குள் அவருடைய தலைமுடியும் கண்ணாடியும் உடல்வாகும் மாறி மாறி வருகின்றன. வெவ்வேறு சமயத்தில் எடுத்த சோதனைகளை வெட்டி இணைத்திருக்கிறார்கள். படத்தில் தொழில்நுட்ப அளவில் மிகக் குறையுள்ள காட்சி இதுதான். நடிப்பைப் பொறுத்தவரை, விரிப்பில் தடுக்கி விழுந்து கை நெருப்பில் பட்டும் சுடாததால் வெளிப்படும் லெஸ்டரின் காட்சியைவிட எனக்கு இது பல மடங்கு மேலானது.

சூப்பர்மேனின் தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோவின் காட்சிகளுக்காக மட்டுமே இதைப் பார்ப்பவர்கள் உண்டு. திரையரங்கப் பதிப்பில் அவரை நீக்கிவிட்டு, தாயாக நடித்த சுசன்னா யார்க்கைப் பேச வைத்தார்கள். அதனால் சக்தியை இழந்த மகன் பனிக்கோட்டைக்குத் திரும்பி வந்து பச்சைப் படிகத்தைக் கண்டெடுப்பதோடு அந்தக் காட்சி அறுந்து, அடுத்த முறை அவன் சக்தியோடு வந்து நிற்பதற்கு விளக்கமே இல்லாமல் போயிற்று. டானர் பதிப்பில் தந்தை தம்மிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலை மகனுக்குக் கொடுத்துவிட்டு இல்லாமல் போகிறார். முதல் படத்தில் அவர் சொன்ன, மகன் தந்தையாகிறான், தந்தை மகனாகிறார் என்ற வாக்கு இங்கேதான் நிறைவேறுகிறது.

இறுதிக்காட்சியில் மட்டும் பொறுமை தேவை. உலகத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் முடிவு முதலில் இரண்டாம் படத்துக்கென்று எண்ணப்பட்டு, பிறகு முதல் படத்துக்கு நகர்த்தப்பட்டது. தொகுப்பாளர் மைக்கேல் தாவ் குழுவினர் அதை மூல எண்ணப்படி இங்கே திரும்ப வைத்ததால், அடுத்தடுத்த இரண்டு படங்களும் ஒரே உத்தியில் முடிகின்றன. போதாக்குறைக்கு, காலம் பின்சென்றுவிட்ட பிறகும், உணவகத்தில் தன்னை அடித்தவனை கிளார்க் மறுபடி தேடிச் சென்று பழிதீர்க்கிறான். அந்த அடிதடி நடக்கவே இல்லையே என்று கேட்டால் விடையில்லை. திரையரங்கப் பதிப்பில் லோயிஸை எல்லாம் மறக்கச் செய்யும் முத்தமும் நம்பத்தக்கதன்று என்றாலும், ஓட்டை அதில் சிறியது.

எந்தக் காட்சி எவர் எடுத்தது என்று கண்டுபிடிக்க விரும்பினால் ஒளியைப் பாருங்கள். டானருக்குப் படம்பிடித்த ஜெஃப்ரி அன்ஸ்வொர்த்தின் காட்சிகளில் வெளிச்சம் பனி படர்ந்ததுபோல் மென்மையாக விரியும். அவர் 1978இல் காலமானபின் லெஸ்டருக்காக ராபர்ட் பெயின்டர் எடுத்தவை பளிச்சென்று தட்டையாக இருக்கும். வில்லன் லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மன் லெஸ்டரின் படப்பிடிப்புக்குத் திரும்பவில்லை என்பதால், லூதரின் முகம் தெளிவாகத் தெரியும் இடமெல்லாம் டானர் எடுத்தது என்று கொள்ளலாம்.

வட்டு வைத்திருப்போர், டானரும் திரைக்கதையில் உடனுழைத்த டாம் மான்கீவிட்ஸும் சேர்ந்து பேசும் விளக்கவுரையை இரண்டாம் முறை பார்க்கும்போது ஓடவிடுங்கள். முதல் முறை வேண்டாம், வசனம் எதுவும் காதில் விழாது. வாடகைக்கு எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒலித்தடம் கிடைக்காது. அது வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கமென்றால், நான்காம் படிக்குத் திரும்பிச் சென்று வட்டைத் தேடுங்கள்.